புரவலர் ஆவது எப்படி?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டது. அதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி ஒரு நல்ல காரியத்தில் போட வேண்டும் என்கிற எண்ணமும் வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்குக் கொடுத்தால் கும்பலில் கோவிந்தா. காப்பகத்தில் அன்னதானம் போடலாமென்றால் எதிர்வீட்டுக்காரர் போன வாரம்தான் போட்டார், வடை பாயசத்தோடு. ஆகவே குடிசைப் பகுதிப் பெண் பிள்ளைகளின் கால்பந்தை வாழவைப்பது என்று தீர்மானித்திருக்கிறீர்கள். அருமையான தேர்வு. இந்தத் துறையில் இன்னும் நெரிசல் இல்லை, படம் நன்றாக வரும், பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். செய்முறையைக் கீழே தந்திருக்கிறேன். இதில் கண்ட வழிகள் நாடு முழுக்கப் பல காலமாகக் கையாளப்பட்டுப் பலன் கண்டவை. பலன் யாருக்கு என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நல்ல நாள் பார்த்தல்

உகந்த மாதங்கள் பிப்ரவரியும் மார்ச்சும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்கும் இடம் உண்டு. மார்ச் 31-க்குள் கணக்கை முடிக்க வேண்டுமே! தை வரை உறங்கிய கருணை, மாசி பிறந்ததும் துள்ளி எழுந்துவிடும்.

அதே சமயத்தில்தான் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வும் வந்து தொலைக்கும். பெரிய பெண்களை வீட்டில் வெளியே விட மாட்டார்கள். கவலை வேண்டாம், ஆறாவது ஏழாவது படிக்கிற பொடிசுகளை வரிசையில் நிறுத்துங்கள். நாம் கொடுக்கிற ஜெர்சி எப்படியும் முழங்கால் வரை தொங்கும், வயசு தெரியாது. ஜூன் மாதம் யாராவது கோச் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "சீசன் ஆரம்பிக்குது சார், பசங்களுக்கு ஷூ இல்ல" என்றால், பட்ஜெட் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

இடம்

சென்னை வியாசர்பாடி வேண்டாம். அங்கே பந்து உதைக்கிற பிள்ளைகளுக்குக் கேமரா பழகிவிட்டது. எந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவர்களே நமக்குச் சொல்லித்தருவார்கள். அந்தப் பேட்டையை 'மினி பிரேசில்' என்று எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்களுக்கும் சலித்துவிட்டது. (அசல் பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடக் கூடாதென்று 1941-இல் அரசாணை போட்டு, 1979 வரை அதைக் கட்டிக் காத்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் மினி பிரேசில் உண்டு.)

திடலைத் தேர்ந்தெடுக்கும்போது கார் உள்ளே வருமா, பந்தல் போட இடம் இருக்கிறதா, பின்னணியில் ஓலைக் குடிசை தெரிகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். ஓட்டு வீடு தெரிந்தால் உருக்கம் குறையும். திடல் யாருடையது, நாளைக்கும் அது இருக்குமா என்றெல்லாம் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி, தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் கையில் கொடுத்து, ஆடுகிறவருக்குத் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. பக்கத்துக்குப் பதினொரு பேர் வைத்து ஒரு மணி நேரம் ஆடினால் 2,640 ரூபாய். வட சென்னையில் ஒரு வீட்டு வேலை செய்கிற அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தைக் கைவிட்டார்கள். எதிர்த்தவர்களில் எத்தனை புரவலர்கள் இருந்தார்கள் என்று தேடாதீர்கள். திடலைக் காப்பாற்றுவதற்கு ரிப்பன் வெட்டும் சடங்கு கிடையாது. அதனால் அது நம் பாடத்திட்டத்தில் வராது.

ஜெர்சி

இதுதான் முக்கியமான கட்டம், அதனால் சற்று விரிவாக.

முன்பக்கம் உங்கள் லோகோ, பின்பக்கம் உங்கள் அறக்கட்டளையின் பெயர், கையில் உங்கள் துணைவியாரின் அறக்கட்டளையின் பெயர். பிள்ளையின் பெயருக்கு இடம் மிஞ்சினால் பார்க்கலாம். எல்லாவற்றையும் எக்ஸ்எல் அளவில் அடியுங்கள். மொத்தமாக அடித்தால் விலை குறையும், வளர்கிற பிள்ளைகள் வேறு. வெள்ளை நிறம் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஷார்ட்ஸும் வெள்ளையாகவே இருக்கட்டும். வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டாம் என்று பெரிய பெண்கள் முனகுவார்கள். காரணம் கேட்காதீர்கள், சொல்லிவிடுவார்கள். இங்கிலாந்துப் பெண்கள் அணியே இதைச் சொல்லித்தான் 2023-இல் வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. அவர்கள் பணக்காரர்கள். மாதத்தில் நாலைந்து நாள் நம் பிள்ளைகள் திடலுக்கு வராமலே இருந்துவிடுவார்கள், பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

விளையாட்டுக்கான உள்ளாடை என்று கோச் அக்கா ஒரு பட்டியலைக் கூச்சத்தோடு நீட்டக்கூடும். அவர் கூச்சப்படுவது நமக்கு வசதி. நீங்களும் கூச்சப்பட்டு வேறு பக்கம் பாருங்கள். பதிமூன்று வயசில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை பதினாலு வயசில் ஏன் குனிந்துகொண்டே ஓடுகிறாள், பிறகு ஏன் நின்றுவிடுகிறாள் என்பதற்கு அந்தப் பட்டியலில் பாதி விடை இருக்கிறது. ஆனால் உள்ளாடையின் மேல் லோகோ அச்சிட்டு என்ன பிரயோஜனம்?

பந்துக்கு வருவோம். ஐந்தாம் எண் பந்தையே எல்லோருக்கும் கொடுங்கள். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம், பெரியவர்கள் ஆடுவது. எட்டு முதல் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு நாலாம் எண் பந்துதான் சரி என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் படத்தில் சின்னப் பந்து சின்னதாகத்தானே தெரியும்?

ஊசி கொடுக்காதீர்கள். காற்றடிக்கிற பம்பின் முனையில் திருகுகிற, விரல் நீளம்கூட இல்லாத ஊசியைச் சொல்கிறேன். விலை ஒரு டீ, வடைக் காசு. அதை எச்சில் தொட்டு ஈரமாக்கித்தான் பந்தின் துளையில் செருக வேண்டும். உலர்ந்த ஊசியை அழுத்தினால் உள்ளே வால்வு கிழிந்து பந்து போய்விடும். ஈரம் பண்ணினாலும் ஊசி ஒருநாள் வளையும், ஒருநாள் உடைந்து உள்ளேயே தங்கும், ஒருநாள் கோன் மூட்டைக்குள் விழுந்து காணாமல் போகும். அன்றைக்கு இருபத்தைந்து பெண்கள் ஒரே பந்தைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள், ஒரு பிள்ளை சைக்கிள் கடைக்கு ஓடுவாள், கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். சரளைக்கல் திடல் என்றால் இன்னும் விசேஷம்: தையல் பிரிந்து, பந்தின் ஒரு பக்கம் கழலை மாதிரிப் புடைத்து, உதைத்த திசைக்கு எதிர்த் திசையில் போகும். அதை வைத்துக்கொண்டே ஆடிப் பழகிய பிள்ளைகள் செலக்‌ஷனுக்குப் போய் நல்ல பந்தைப் பார்த்ததும் தடுமாறுவார்கள். 'திறமை இருக்கு, டச் இல்ல' என்று அங்கே எழுதிக்கொள்வார்கள்.

நூறு பந்து கொடுத்த செய்தி வரும். ஊசி கொடுத்த செய்தியை எந்தப் பத்திரிகையிலாவது படித்திருக்கிறீர்களா?

விழா

காலை 9 மணி என்று அழைப்பிதழில் போடுங்கள். பிள்ளைகள் 7 மணிக்கே வந்து, 8.30-க்கு ஓடிக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நிற்பார்கள். சிறப்பு விருந்தினர் 11.30-க்கு வருவார். அதுவரை அவர்களை வெயிலில் இரண்டு வரிசையாக உட்கார வையுங்கள். பந்தல் பெரியவர்களுக்கு. பிறகு குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை. பன்னிரண்டே கால் வாக்கில், குளிர்ந்து இறுகிப்போன கால்களோடு மேட்ச் ஆடச் சொல்லுங்கள்.

முழங்காலின் முன்புறத் தசைநார் கிழிவது கால்பந்து ஆடுகிற ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதைத் தடுக்க ஃபிஃபாவே '11+' என்று ஒரு பயிற்சி முறையைத் தயாரித்து இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷம், ஒரு பந்து போதும், சாமான் செட்டு எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயம் கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உள்ளூர் கோச்சுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வார இறுதி போதும். அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். காசே செலவாகாத உதவியைக் கணக்கில் எப்படிக் காட்டுவீர்கள்? தசைநார் கிழிந்த பிள்ளைக்கு அறுவை சிகிச்சை செய்ய நிதி திரட்டினால் அது தனி நிகழ்ச்சி, தனி அழைப்பிதழ்.

விழாவின் சிகரம், சிறப்பு விருந்தினர் பெனால்டி அடிப்பது. அவர் செருப்போடு அடிப்பார். பந்து தரையோடு உருண்டு வரும். கோல்கீப்பர் பிள்ளை எதிர்ப் பக்கமாகப் பாய்ந்து விழ வேண்டும். இதற்கு முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் விட்டால் ஆபத்து. மூன்று வருஷமாகப் பந்தைத் தடுத்துத் தடுத்து ஊறிப்போன கை, ஐயா என்றும் பார்க்காது, அமைச்சர் என்றும் பார்க்காது, பிடித்துவிடும். கூட்டம் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்ளும். கோச் ஓடிவந்து, "ஏய், கீழ போடுடி!" என்பார். அவளும் போடுவாள், கோல் கோட்டுக்கு அந்தப் பக்கமாக. கைதட்டல். அந்த விழாவில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட ஆட்ட நுணுக்கம் அது ஒன்றுதான்.

மேட்ச் முடியும் வரை விருந்தினர் இருக்க மாட்டார். அவர் கிளம்பும்போது ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணிகளையும் வழியனுப்ப வரிசையில் நிறுத்தவும்.

சாப்பாடு

ஊக்கப் பேச்சாளரை அழைத்து வாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தொண்ணூறு நிமிஷம் ஓடச் சொன்னால் அறுபதாவது நிமிஷத்தில் கண் இருட்டுகிற பிள்ளைக்கு 'உன்னால் முடியும்' என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? முட்டை என்றால் தினமும் வேண்டும், பேச்சாளர் ஒரு நாள் போதும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டை கிடைக்கிறதே என்பீர்கள். உண்மை, தமிழ்நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் அது பத்தாம் வகுப்போடு நிற்கும், லீவு நாளில் கிடையாது. மேட்ச் நடப்பதெல்லாம் லீவு நாளில்.

பெற்றோர்

மேடைக்கு அழைத்துச் சில்வர் டிபன் பாக்ஸ் கொடுங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். போனால் என்ன ஆகும் என்று ஒரு கோச்சின் சாயங்காலத்தைப் பார்த்தாலே தெரியும். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி, வயசுக்கு வந்த பிள்ளையைத் தொடை தெரிய ஓட விட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்பார். அது வழக்கமான பாட்டு, கோச்சிடம் அதற்கு எதிர்ப்பாட்டு உண்டு: போலீசில் வேலை, ரயில்வேயில் வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. கஷ்டம் அம்மாவிடம்தான்.

"வெளையாடட்டும் மாஸ்டர், நான் வேணாங்கல. ஆறரைக்கு இருட்டிடுது. ரயில்வே கேட் பக்கம் லைட்டு கெடையாது. யாரு கொண்டாந்து விடுவா?"

"நான் கொண்டாந்து விடறேங்க்கா."

"ஒரு நாளு விடுவீங்க. தெனைக்குமா?"

பாருங்கள், நாலே வார்த்தையில் மாட்டிவிட்டார்கள். தினமும் கொண்டுவந்து விடுகிற கோச்சுகள் இருக்கிறார்கள். ஒரு பழைய ஸ்கூட்டரில் இரண்டு இரண்டு பேராக, நாலு நடை. அவர்களுடைய பெட்ரோல் செலவுக்கு எந்த அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் கிடையாது. உங்கள் படிவத்திலும் சேர்த்துவிடாதீர்கள்.

பார்த்துக் கெட்டுப்போகக் கூடாத உதாரணங்கள்

சிலர் இந்த வேலையைத் தவறான முறையில் செய்து, நம் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன்.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் ஹுடுப் என்று ஒரு கிராமம். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 32.2 சதவீதம் பேருக்குப் பதினெட்டு நிறையும் முன்பே கல்யாணம் முடிந்திருந்த மாநிலம் அது, அதே குடும்பநல ஆய்வின் கணக்கில். அங்கே ஃப்ரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்க இளைஞர் 2009-இல் 'யுவா' என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண் பிள்ளைகளைப் பந்தோடு சேர்த்தார். விழா எடுக்கத் தெரியாமல், தினசரிப் பயிற்சி, வருகைப் பதிவு என்று சில்லறை வேலைகளில் இறங்கினார்கள். பெரிய பெண்களையே கோச் ஆக்கிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடமே கட்டினார்கள். 2013-இல் இந்தப் பெண்கள் ஸ்பெயினில் ஆடப் போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது தரையைக் கூட்டச் சொன்னார்கள், கன்னத்தில் அறைந்தார்கள் என்று அந்தப் பெண்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். அதையும் தாண்டிப் போய், காஸ்தெய்ஸ் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். 2019-இல் அந்த அமைப்புக்கு லாரியஸ் விளையாட்டு விருது கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஸ்பெயினை அல்ல, சான்றிதழை. வயது வரம்புப் போட்டி எதற்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பெயரைப் பதிய முடியாது. வீட்டில் பிறந்த பிள்ளை, ஊர் மாறி வந்த குடும்பம், அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று எத்தனையோ பேர் அந்த ஜன்னலில்தான் ஆட்டம் இழக்கிறார்கள். ஒரு குமாஸ்தா வேலை தெரிந்த ஆள், மாதம் நாலு நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றால் தீர்ந்துபோகும் விஷயம். அந்த வாசலில் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது?

நம் ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், அலை வீட்டையும் பெற்றோரையும் கொண்டுபோன பெண் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிவந்தார். இந்திரா காந்தி விளையாட்டு அகாடமி என்ற பெயரில் அங்கே வளர்ந்த அணி, 2018-இல் பெண்களுக்கான தேசிய லீக்கில் ஆடியது. அரசு விடுதியில் வளர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்திய அணியில் ஆடினார். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை ஆனார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார், 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் நின்று கடமை பார்த்தார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், அந்தக் கோப்பையைக் குலச்சொத்து மாதிரி வைத்திருந்த மணிப்பூரை 2–1 என்று தமிழ்நாடு தோற்கடித்தது. அடுத்த வருஷம் மதுரை சேது எஃப்.சி. தேசிய லீக்கையே வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியாணாவை 2–1 என்று சாய்த்துத் தமிழ்நாடு மறுபடி தேசிய சாம்பியன்.

சுனாமிக்கும் முதல் கோப்பைக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுங்கள். அதற்குள் உங்கள் கம்பெனியில் சி.எஸ்.ஆர். தலைவர் நாலு பேர் மாறியிருப்பார்கள். அத்தனை வருஷமும் விடிகாலையில் யாரோ ஒருவர் விசில் ஊத வந்திருக்கிறார். இதைப் போய் முன்மாதிரி என்று சொல்வார்களா? 2017-இல் தொடங்கிய பெண்களுக்கான தேசிய லீக்கின் முதல் பருவத்தைப் பாருங்கள். டெல்லியில் ஆறு அணிகள், ஜனவரி 28-இல் ஆரம்பம், பிப்ரவரி 14-இல் பரிசளிப்பு. மூன்று வாரத்துக்குள் ஒரு தேசத்தின் லீக்கையே முடித்துக் காட்டினார்கள். அந்தச் சுறுசுறுப்பு நமக்கு வேண்டும்.

பாராட்டும் கலை

பிள்ளை ஜெயித்த பிறகு ஆதரவளிப்பதே உத்தமம், முதலீடு வீணாகாது. இதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு, அதை எந்தக் கையேடும் மிஞ்ச முடியாது.

2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. இந்திய அணியின் கேப்டன் அஸ்தம் ஓராவ், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமத்துப் பெண். கேப்டன் ஆகிவிட்டார் என்றதும் மாவட்ட நிர்வாகம் பரபரப்பானது. வீட்டில் டி.வி. வைத்துக் கொடுத்தார்கள், பிள்ளை ஆடுவதைப் பெற்றோர் பார்க்க வேண்டாமா. கேப்டனின் கௌரவத்துக்காக அந்த வீட்டுக்குச் சாலையும் போட ஆரம்பித்தார்கள். அந்தச் சாலையில் மண் சுமந்தவர்களில் கேப்டனின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு.

படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள், அதில் ஒரு நிர்வாக நேர்த்தி இருக்கிறது. கௌரவமும் ஆயிற்று, வேலைவாய்ப்பும் ஆயிற்று. அணி அமெரிக்காவிடம் 8–0, மொராக்கோவிடம் 3–0, பிரேசிலிடம் 5–0 என்று தோற்றது. போட்டிக்கு இரண்டு மாதம் முன்புதான், இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபா இந்தியாவையே பதினொரு நாள் சஸ்பெண்ட் செய்து வைத்திருந்தது. போட்டியே இங்கே நடக்குமா என்று தெரியாத நிலையில்தான் அந்தப் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் தோல்வி வந்ததும், 'நம்ம பொண்ணுங்களுக்கு ஸ்டாமினா பத்தாது' என்று தொலைக்காட்சி முன்னால் அமர்ந்து நிபுணத்துவத்தோடு சொல்வதும் ஆதரவின் ஒரு வகைதான். அதற்கு நன்கொடைகூடத் தேவையில்லை.

பாராட்டி வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனரில் உங்கள் முகம் நாலடி, பிள்ளைகள் முகம் நாலங்குலம்.

ஆண்டறிக்கை

பயனடைந்தவர்கள் எண்ணிக்கையைப் பெரிதாக்குவது எளிது. ஒரு பிள்ளைக்கு அப்பா, அம்மா, இரண்டு உடன்பிறப்பு, பாட்டி என்று, பிள்ளையோடு சேர்த்து ஆறு பேர். முப்பது பிள்ளைக்கு நூற்றெண்பது. வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களையும் ஐஸ் வண்டிக்காரரையும் சேர்த்தால் ஐந்நூறு 'வாழ்வுகள்' தொடப்பட்டன என்று எழுதலாம். அடுத்த வருஷம் அந்த முப்பதில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று ஒரு பத்தி போடலாமா என இளம் ஊழியர் யாராவது கேட்டால், அவரை வேறு துறைக்கு மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு சிக்கல். அபூர்வமாக, பிள்ளைகளே கடிதம் எழுதிவிடுவதுண்டு. அதற்குப் பதில் எழுதும் முறை தெரியாமல் பல புரவலர்கள் திணறியிருக்கிறார்கள். ஆகவே இரண்டுக்கும் மாதிரி தருகிறேன்.

வந்த கடிதம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நீங்க குடுத்த ஜெர்சி நல்லா இருக்கு. எங்களுக்குக் கீழ்க்கண்டவை தேவைப்படுது. ஸ்கூல் பாத்ரூம் சாவி நாலரைக்கு மேல வாட்ச்மேன் எடுத்துட்டுப் போயிடறாரு, அத எங்க கோச் அக்காகிட்ட குடுக்கச் சொல்லணும். நாலாம் நம்பர் ஷூ ஆறு ஜோடி. கோச் அக்காவுக்கு மாசம் ஏதாவது சம்பளம், இல்லன்னா அவங்க ஜவுளிக் கடை வேலைக்குப் போயிடுவாங்க. பந்துக்குக் காத்து அடிக்கிற ஊசி ரெண்டு. இப்படிக்கு, அணியினர்."

அனுப்ப வேண்டிய பதில்:

"அன்புள்ள செல்வங்களே, தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். தங்கள் விளையாட்டு ஆர்வம் பாராட்டத்தக்கது. கழிப்பறைச் சாவி தொடர்பான கோரிக்கை கல்வித்துறையின் வரம்புக்கு உட்பட்டதால் உரிய வழியில் அணுகவும். பயிற்சியாளர் ஊதியம் தொடர் செலவினம் என்பதால் எமது விதிகளில் இடமில்லை. காலணிகள் குறித்து வரும் நிதியாண்டில் பரிசீலிக்கப்படும். அதுவரை தங்களிடம் உள்ள எட்டாம் எண் காலணிகளையே பயன்படுத்திக்கொள்ளவும். வரும் 14-ஆம் தேதி எமது நிறுவனரின் பிறந்தநாள் விழாவுக்கு அனைவரும் ஜெர்சியுடன் காலை ஆறு மணிக்கு வந்து சேரவும்.

பி.கு.: ஊசிகள் இரண்டு கோரியிருந்தீர்கள். அவற்றுக்கு மூன்று கடைகளிலிருந்து கொட்டேஷன் பெற்று, ஜி.எஸ்.டி. எண்ணுடன் இணைத்து அனுப்பவும்."